வராத ஒருவர்

ஜனவரி 6

கோபக்கார அண்ணனுக்கு வாலு எழுதுவது.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். போன் இருப்பது தையல் அறையில். அம்மா காலை ஏழு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருப்பதில்லை. மிஷின் ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று நம்பி நான் போனை எடுத்து "அண்ணா" என்றால் போதும், மிஷின் நின்றுவிடும். நீ அவளோடு ஒழுங்காகப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. "நல்லா இருக்கேன், வை" என்பதை நான் பேச்சில் சேர்க்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவக் கல்லூரி எழுத்துத் தேர்வில் எனக்கு 491. சந்தோஷப்படு, பிறகு படி. விண்ணப்பிக்கப் பிப்ரவரி இருபத்தெட்டு வரை நேரம் இருக்கிறது. ஐந்து கல்லூரிகளில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும், எதற்குப் போட்டால் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சரைக் கேட்டால் "கடவுள் விட்ட வழி" என்கிறார். கடவுள் விட்ட வழியை நூலகத்தில் தேடினேன். கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. தூசியில் தும்மித் தும்மி ஒரு நோட்டு முழுக்கக் கட்டம் போட்டு நிரப்பினேன். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள். மதிப்பெண் வருடா வருடம் ஏறுகிறதா என்று பார்க்கப் பத்து வருடக் கணக்கை எடுத்தேன்.

நீ எழுதிய வருடமும் அதில் வந்தது. பெரிய கல்லூரி. விண்ணப்பித்தவர்கள் 1,912. அழைக்கப்பட்டவர்கள் 240. வந்தவர்கள் 239. சேர்ந்தவர்கள் 100. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "எழுத்துத் தேர்வில் 480-க்கு மேல் பெற்ற அனைவரும் அழைக்கப்பட்டனர்."

அண்ணா, உனக்கு 503. உன் மதிப்பெண் பட்டியல் இன்னும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. நான் போய் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன். 503தான்.

உன்னை அழைக்கவில்லை என்றுதானே சொன்னாய்? அனைவரும் என்றால் அனைவரும்தானே? அவசரமாக எழுதுகிறேன், அதனால் எழுத்து இப்படி இருக்கிறது. எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லாதே.

வாலு


ஜனவரி 14

வாலுவுக்கு,

491-க்கு வாழ்த்து. நிஜமாகவே சந்தோஷம். இன்று எக்ஸ்ரே எடுக்க வந்தவர்களிடமெல்லாம் என் தங்கை 491 என்று சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது இந்த வேலையில் ஒரு வசதி.

மற்றதற்கு வருகிறேன். கல்லூரிக்காரர்கள் அச்சடிக்கிற புள்ளிவிவரம் கல்லூரிக்காரர்களுக்காக அச்சடிப்பது. "அனைவரும்" என்று எழுதுவதற்குக் காசா பணமா? எனக்குக் கடிதம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? ஒரு மாதம் தெருமுனையில் நின்று தபால்காரரை மறித்தவன் நான். மற்றவர்களுக்கெல்லாம் நேர்முகத் தேதி வந்து, அது முடிந்த பிறகும் எனக்கு வரவில்லை. கடைசியில் ஒரு நாள் அவர், "பழுப்புக் கவர் ஒண்ணு போன வாரமே ஜன்னல் வழியா போட்டேனே தம்பி" என்றார். வீட்டுக்கு ஓடினேன். அம்மா, "எந்தக் கவரும் வரலையே" என்றாள். கட்டிங் மேஜையைக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். இல்லை. திரும்பிப் போய் அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். தெருவே பார்த்தது. வராத தபாலைப் போட்டதாகப் பொய் சொல்கிறான் என்று மேலே எழுதியும் போட்டேன். அவரை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா எனக்காகத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள். "விடுடா, எல்லாருக்குமா கிடைக்குது. இதைப் போட்டுப் பாரு" என்றாள். அந்த "எல்லாருக்குமா" என்ற வார்த்தை இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. சட்டையை அவள் மடியிலேயே வீசினேன். நீ மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், எட்டு வயது. மறுநாள் கிளம்பியவன்தான்.

என் பதிவு எண் 1417. மறக்கவில்லை. ஆண்டறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் அழைக்கப்பட்டவர்களின் எண்களைப் போடுவார்கள். போய்ப் பார். இருக்காது. பார்த்துவிட்டு இந்தப் பேச்சை விடு. நீயும் பெரிய கல்லூரிக்கு விண்ணப்பிக்காதே. வீட்டுக்கு ஒருவர் அசடானது போதும்.

அண்ணன்


ஜனவரி 22

அண்ணா,

இருக்கிறது.

1417. பக்கம் எண்பத்தி ஆறு, மூன்றாவது வரிசை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று அடியில் போட்டிருக்கிறார்கள்: "நேர்முகத் தேர்வுக்கு வரவில்லை." முழுப் பட்டியலிலும் ஒரே ஒரு நட்சத்திரம்தான். நூலகத்து அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "யாராவது தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்தால் வெடித்துவிடுவேன். அதே பக்கத்தில் இருக்கிறது. 500-க்கு மேல் எடுத்து நேர்முகத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் சேர்த்துக்கொண்டது இருபத்தொன்பது பேரை.

நேராகத் தபால் நிலையத்துக்குப் போனேன். நம் பக்கத்துக் கிளையில் கேட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கக் கிளையில் அவரைக் கண்டுபிடித்தேன். இப்போது கவுண்டரில் தபால்தலை விற்கிறார். முழங்கால் போய்விட்டதாம், நடக்கிற வேலை முடியாதாம். நான் யார் என்று சொன்னதும் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "உங்க அண்ணனுக்கு நல்ல பிடிம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் தரையில் புதைந்துபோகலாம் போல இருந்தது.

"கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள மிஷின் ஓடுது, தட்டினா கேக்காது. ஜன்னல் ஓரத்துல மேஜை. அது மேல போட்டேன். எப்பவும் அப்படித்தானே போடுவேன்? தடிமனான பழுப்புக் கவர். மேல கல்லூரி முத்திரை இருந்துச்சு, அதான் ஞாபகம். நல்ல சேதின்னு நெனச்சுக்கிட்டே போட்டேன்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை அண்ணா. ஒன்பது வருடம் கழித்து என்னிடம் பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

வீட்டுக்கு வந்து கட்டிங் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா, "என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். தலைவலி என்றேன்.

வாலு


ஜனவரி 29

வாலு,

நீ எழுதியதை எக்ஸ்ரே அறையின் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே ஆறு பேர் வரிசையில் இருந்தார்கள். நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று சொல்கிறவன் நான். எண்பத்தி ஆறாம் பக்கத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு விடச் சொல்ல ஆளில்லை.

இருபத்தொன்பது பேர். நான் வேறு எதையும் யோசிக்க முடியாமல் கிடக்கிறேன். தவறு என்மேல் இல்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தெரிந்துவிட்டது. நிம்மதி வரவில்லை.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கவர் மேஜைமேல் விழுந்திருக்கிறது. மேஜையில் இருந்தது அம்மா மட்டும். அவள் "வரலையே" என்றாள். அப்பா போன பிறகு வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டியிருந்தது. ஆறு வருடம் நான் படிக்கப் போனால் என்ன செய்வாள்? அதனால்தான் "எல்லாருக்குமா கிடைக்குது" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வந்ததா?

இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் வேறு என்ன நினைப்பது? அவளைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. உன் பதில் வரும்வரை பொறுக்கிறேன். பத்து நாள். அதற்குமேல் முடியாது.

அண்ணன்


பிப்ரவரி 5

அண்ணா,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. முதலில் கிழி, பிறகு இதைப் படி.

உன் கடிதம் வந்ததிலிருந்து அம்மாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இப்படிப்பட்டவளா என்று யோசித்துக்கொண்டே அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும், உனக்கும் பாதி.

நேற்று ஆபீஸ் அக்கா வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம் அவருடைய அலுவலகத்தில் கழித்த பழுப்புக் கவர்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவாரே, அவர்தான். துணிமேல் வைத்து வெட்டுகிற அளவு மாதிரிகளுக்கு அம்மாவுக்கு அதுதான் காகிதம். சில கவர்களில் பழைய காகிதங்கள் உள்ளேயே இருக்கும். அம்மா அதையெல்லாம் உருவிக்கொண்டிருக்க மாட்டாள். "உள்ள இருந்தா இன்னும் கெட்டியா நிக்கும்" என்பாள். அப்படியே வைத்து வெட்டி, நழுவாமல் இருக்க ஓரத்தைச் சுற்றி மிஷினில் ஒரு தையல் ஓட்டி, ஓட்டை போட்டு ஆணியில் மாட்டிவிடுவாள். நேற்றும் ஒன்றை அப்படித்தான் வெட்டினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கத்தரி போகப் போக, என் கண் ஆணியில் தொங்கும் கொத்துக்குப் போனது.

அவள் நூல் வாங்கக் கடைக்குப் போனதும் ஆணியிலிருந்து மொத்தக் கொத்தையும் இறக்கினேன். கை, தோள், பை, பட்டி. ஆண்கள் காலர் ஒன்றே ஒன்றுதான், பதினான்கரை அங்குலம். உன்னுடையது. வருடா வருடம் உன் பிறந்தநாளுக்கு அதை வைத்துத்தான் சட்டை வெட்டுகிறாள். பிளேடால் தையலைப் பிரித்தேன்.

உள்ளே காலர் வடிவத்தில் ஒரு கடிதம் இருக்கிறது அண்ணா. இரண்டாக மடித்த கெட்டிக் காகிதம். மேலும் கீழும் கத்தரி தின்றுவிட்டது. மிச்சமிருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "பதிவு எண் 1417", "நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதில் மகி", "மே 23 காலை ஒன்பது ம", "அசல் சான்றிதழ்களு". அவ்வளவுதான். கவரை இரண்டாக மடித்துத்தான் வெட்டியிருக்கிறாள், முகவரிப் பக்கம் மடிப்புக்குள் போய்விட்டது. வெறும் பக்கம் வெளியே. யாருமே அதை உறையிலிருந்து எடுக்கவில்லை. ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருக்கிறது.

அவள் மறைக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், வெளிப்பக்கத்தில் அவள் கையெழுத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது. மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது.

"பெரியவன் – இன்டர்வியூ சட்டை."

உன்னைக் கூப்பிடுவார்கள் என்று நம்பி, கூப்பிடுவதற்கு முன்பே தைக்க உட்கார்ந்திருக்கிறாள். அப்போது பள்ளிச் சீருடை சீசன், முந்நூறு சட்டை தலைக்குமேல் இருந்திருக்கும். மேஜையில் ஒரு பழுப்புக் கவர் கவிழ்ந்து கிடந்தது, ஆபீஸ் அக்கா வைத்தது என்று எடுத்திருக்கிறாள்.

நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மா வருவதற்குள் எல்லாவற்றையும் பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்தேன். சொல்லட்டுமா, வேண்டாமா? சீக்கிரம் எழுது.

வாலு


பிப்ரவரி 11

வாலு,

கிழித்துவிட்டேன். அந்தக் கடிதத்தில் நான் எழுதியிருந்த வார்த்தைகள் உனக்குத் தெரிய வேண்டாம். அதைப் போட்டிருந்தால் என்ற நினைப்பில் இரண்டு நாள் வேலைக்கே போகவில்லை.

என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒன்பது சட்டைகள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்தவை. ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. கட்டிய நூல் கட்டியபடியே உள்ளே போடுவேன். தூக்கி எறியவும் மனம் வராது, போடவும் வீம்பு விடாது. நேற்று எல்லாவற்றையும் எடுத்துக் கட்டில்மேல் பரப்பினேன். ஒன்பது காலர். ஒன்பதும் ஒரே வடிவம். நான் தெருமுனையில் நின்று தேடிய கடிதம் வருடத்துக்கு ஒரு தடவை என் அறைக்கே வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி நலமா என்று கேட்டார்.

ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கழுத்துப் பட்டன் எட்டவில்லை. பதினெட்டு வயதுக் கழுத்துக்கு வெட்டியது.

அம்மாவிடம் சொல்லாதே. தாங்க மாட்டாள். காகிதத்தை உள்ளே வைத்து, அதே ஓட்டைகளில் ஊசி இறங்குகிற மாதிரி தைத்து, ஆணியில் மாட்டிவிடு. எனக்கு எக்ஸ்ரே வேலை பிடிக்காது என்று யார் சொன்னது? நன்றாகத்தான் இருக்கிறேன். இழந்ததைச் சொல்லி அவள் கையை நடுங்க வைத்து யாருக்கு என்ன லாபம்? தபால்காரருக்கு எழுதியிருக்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுத நான்கு காகிதம் வீணாயிற்று. மேலிடத்துக்கும் எழுதினேன், என் புகார் தவறு என்று.

நீ பெரிய கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாய். முன்பு சொன்னதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

விண்ணப்பத்தைப் பதினெட்டாம் தேதி பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். நம் தபால்காரரின் கவுண்டரில்தான். அவரே முத்திரை குத்தினார். உன் கடிதம் வந்ததாம், சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

இனி கெட்ட செய்தி. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

நீ சொன்னபடிதான் தைத்தேன். அதே ஓட்டைகள், அதே நிற நூல். நன்றாக வந்தது என்று பெருமையாக இருந்தது. நேற்றுக் காலை உன் பிறந்தநாள் சட்டைக்குத் துணியை விரித்துவிட்டு, ஆணியிலிருந்து காலரை எடுத்தாள். கட்டைவிரலை ஓரத்தில் ஒரு தடவை ஓட்டினாள். நின்றுவிட்டாள்.

"இது என் தையல் இல்லையே. யார் பிரிச்சா?"

"கிழிஞ்சிருந்துச்சும்மா, நான்தான் தைச்சேன்."

"நீயா? நீ பட்டன் தைச்சாலே ரெண்டு நாள் நிக்காது. நான் முனையில மூணு தடவை திருப்பித் தைப்பேன். இதுல அது இல்ல. எதுக்குடி பிரிச்ச?"

எனக்குப் பொய் வரவில்லை அண்ணா. அவளே பிளேடை எடுத்தாள். காகிதத்தை உருவி மேஜையில் விரித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பிறகு கவரின் மடிப்பைப் பிரித்து, உள்ளே இருந்த உன் முகவரியைப் படித்தாள். சடாரென்று குனிந்து மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்தாள். துணித் துண்டுகளையெல்லாம் இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி.

"மீதிக் காகிதம் எங்க? மேல இருந்தது, கீழ இருந்தது, எங்க? இங்கதானே விழுந்திருக்கும்?"

ஒன்பது வருடம் ஆயிற்று அம்மா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயா? என் கையாலயே வெட்டினேனா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கட்டிக்கொண்டேன். சத்தம் போட்டு அழுதாள். அப்பா போனபோதுகூட அவள் இப்படி அழுததாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "அவனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "என்ன சொன்னான்?" என்றாள். "உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சொன்னான்" என்றேன்.

இன்று காலை மிஷினைத் தொடவில்லை. சீருடைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கடையில் போய்ப் புதிதாக ஒரு வெள்ளை அட்டை வாங்கி வந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மூன்று தடவை. உன் சட்டையின் பட்டன் எட்டவில்லை என்று நான் உளறிவிட்டேன். "ஒன்பது வருஷமா சின்னதாவே தைச்சு அனுப்பியிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அவன்?" என்றாள். இப்போது கத்தரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டு எழுதச் சொன்னாள்.

"அவன் கழுத்து இப்ப என்ன அளவு?"

வாலு


பிப்ரவரி 25

வாலு,

பதினாறு இருக்கும் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரே அறையில் இருக்கிற டேப்பால் கண்ணாடி முன் நின்று அளந்தேன். ஒரு தடவை பதினாறு வந்தது, ஒரு தடவை பதினாறரை.

தெருக்கதவில் மாட்ட ஒரு தபால் பெட்டி வாங்கியிருக்கிறேன், பூட்டு வைத்தது. உன் அழைப்புக் கவர் வருவதற்குள் மாட்டியாக வேண்டும். அந்த ஜன்னலை இன்றே சாத்து.

தனக்குத்தானே அளந்தால் சரியாக வராது என்று அம்மா எப்போதும் சொல்வாள். சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அட்டையை அதுவரை வெட்ட வேண்டாம் என்று சொல். நான் வந்து நிற்கிறேன், அவளே அளக்கட்டும்.

அண்ணன்